தூளி நிறைய மன்னா

...நல்லாத் தூவி உட்டுட்டேனுங்க டீச்சர், இனி ஒரு எறும்பு கிட்ட அண்டாது என்று சொல்லிவிட்டுப் போகிறாரே பச்சமுத்து அண்ணன், எதைத் தூவினார், எங்கே தூவினார், கயிற்றிலா பொரியிலா, கேட்க வாயெடுப்பதற்குள் மனுஷன் திரைக்குப் பின்னால் மறைந்துவிட்டார், பாஸ்டர் ஐயா ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்து நின்றுவிட்டார், கோயிலே கண்ணை மூடிவிட்டது. சௌந்திரமும் மூடினாள். மூடின கண்ணுக்குள் ஜெபம் வரவில்லை, பாஸ்டர் ஐயா அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையின் அலமாரிதான் வந்தது, மெழுகுவர்த்திப் பெட்டிக்கு அடியில், வாயை மடித்து நூல் சுற்றி வைத்திருந்த அந்தக் காகிதப் பொட்டலம்... சே, அதுவாக இருக்காது. சாம்பலாக இருக்கும். எறும்புக்குச் சாம்பல் தூவாத வீடு வெண்ணந்தூரில் உண்டா? பச்சமுத்து அண்ணன் எத்தனையோ வருஷமாக இந்தக் கோயிலில் மணியடிக்கிறவர், கூட்டிப் பெருக்குகிறவர், பாய் விரிக்கிறவர், அவருக்குத் தெரியாதா? குழந்தைகள் வாயில் போடப்போகிற பொரியில் போய் எறும்புப் பொடியைத் தூவுவாரா? ஆனால் அதை வாயில் போடப்போகிறார்கள் என்று அவரிடம் யார் சொன்னது? அவள் சொன்னாளா? சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது, யோசிக்க யோசிக்க சொல்லாத பக்கம்தான் கனக்கிறது. கோயிலில் அடுப்பும் இல்லையே, சாம்பலுக்கு எங்கே போவார், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியிருப்பாரோ, வாங்கியிருக்கலாம், நல்ல மனுஷன், அலைந்து திரிந்து வாங்கியிருப்பார்... ஆமென் என்றார்கள் எல்லோரும், அவளும் ஒரு நொடி தாமதமாக ஆமென் என்றாள்.

கண்ணைத் திறந்தால் எதிரே வனாந்தரம். அவளே உண்டாக்கின வனாந்தரம், சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அசல் வனாந்தரமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் காயவைத்த திப்பி, கிழங்கு அரைத்து மாவு எடுத்தபிறகு சேகோ பேக்டரியில் மிஞ்சுகிற அந்தச் சக்கையை மணல்மேடு மணல்மேடாகக் கொட்டி வைத்திருந்தாள். பேக்டரியில் வேலை பார்க்கிற அவள் வீட்டுக்காரர் பெரியசாமி சைக்கிளில் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார், ஏம்புள்ள, மாட்டுத் தீவனத்தக் கோயில்ல கொட்டறயே, மாடு மேடைல ஏறீராதா என்று சிரித்தபடிதான் போட்டார். சீனாய் மலைக்குக் கிழங்குக் குச்சியும் பழைய சிமெண்டுப் பையும். கூடாரத்துக்கு நெசவுக்காரர் வீடுகளில் கேட்டு வாங்கின பழம்போர்வைகள். வானத்துக்கு நாலு வேட்டி, சலவை நீலத்தில் முக்கினது, ஒன்று கூட ஒன்று குறைய நீலம் ஏறிப்போய் அதுவே மேகம் மாதிரி ஆகிவிட்டது, தெய்வச்செயல். காசு என்று பார்த்தால் பொரிக்கும் சர்க்கரைக்கும் நீலத்துக்கும்தான். அந்த வானத்துக்கு நடுவில், உத்தரத்தில், பிள்ளையைப் போட்டு ஆட்டுகிற தூளி மாதிரி ஒரு வெள்ளை வேட்டி தொங்கியது, அதற்குள்தான் பொரி, அதுதான் மன்னா. மோசே கையை நீட்டினதும் திரைக்குப் பின்னாலிருந்து பச்சமுத்து கயிற்றை இழுப்பார், ஒரு பக்கத்து முடிச்சு அவிழும், வனாந்தரத்தில் பசித்துக் கிடக்கிற இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து அப்பம் விழும். அவ்வளவுதான் நாடகம். அந்த அவ்வளவுதான் இப்போது தலைக்கு மேலே கனத்துக்கொண்டு தொங்கியது.

பக்கத்தில் வசந்தாமணி அக்கா, லாரிக்காரர் வீட்டு அம்மா, பட்டுப்புடவைச் சரசரப்போடு. போன வருஷம் வரைக்கும் விடுமுறை வேதபாடசாலை நிறைவு நாளுக்கு ஜோடனை எல்லாம் இந்த அக்கா வீட்டு லாரியில்தான் சேலத்திலிருந்து வரும், பந்தல்காரர், ஜிகினாத் தொங்கல், சீரியல் லைட்டு, தெர்மகோலில் செய்த தூதர்கள், பில் சபைக்கு வரும், பெயர் அக்காவுக்கு வரும். இந்த வருஷம் பெண்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது சௌந்திரம் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்ததா? மன்னா உழுகறதுக்கு சீரியல் லைட்டு எதுக்குங்க்கா, வனாந்தரத்துல கரண்டு இருந்துச்சுங்களா என்று கேட்டுவிட்டாள், அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள், அக்காவும் சிரித்தாள், உதடு மட்டும் சிரித்தது. செரிங்க டீச்சர், நீங்களே பண்ணிப் போடுங்க, நாங்க பாக்கறோம். நாங்க பாக்கறோம்... அந்தச் சொல் பத்துநாளும் பசை காய்ச்சும்போதும் நீலம் கரைக்கும்போதும் முதுகில் குத்திக்கொண்டே இருந்தது. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் ராவெல்லாம் தூக்கம் கெட்டு யோசித்தாள், போர்வையை இப்படி மடித்தாள், அப்படி மடித்தாள். சேலத்திலிருந்து மிஷன் பள்ளிகளின் மானேஜர் வேறு வந்திருக்கிறார், முன்வரிசை நாற்காலியில், மடியில் மாலையை வைத்துக்கொண்டு. அவர் இதை எல்லாம் பார்த்தால் நல்லதுதானே. டவுன் பள்ளிக்கூடத்தில் ஓரிடம் காலியாக இருக்கிறது என்றார்களே... அட, இப்போது போய் அந்த நினைப்பா?

எழுந்துபோய்க் கேட்டுவிடலாம். திரைக்குப் பின்னால் போய், அண்ணா, எதைத் தூவினீங்க என்று ஒரு வார்த்தை. போவதென்றால் மேடைக்குக் குறுக்கே, மானேஜர் முகத்துக்கு முன்னால், எல்லோர் கண்ணிலும் பட்டுத்தான் போகவேண்டும், சுவரோரத்தில் ஆர்மோனியத்தைப் போட்டு வழியை அடைத்ததும் அவள்தான். மத்தியானம் தூளிக் கயிற்றில் எறும்புச் சாரை போவதைப் பார்த்ததும் அவள்தான், சின்னச் செவ்வெறும்பு, உத்தரத்திலிருந்து இறங்கி வேட்டி மடிப்புக்குள் போய்க்கொண்டிருந்தது. போகாதா பின்னே? வெறும் பொரியா அது? மன்னா இனிப்பாக இருந்தது என்று பத்துநாளாகப் பாடம் நடத்திவிட்டு வெறும் பொரியைக் கொட்டினால் பிள்ளைகள் முகம் எப்படி மலரும் என்று நேற்றுச் சாயந்தரம் ஒரு யோசனை வந்தது, சர்க்கரையை அம்மியில் வைத்து மைபோல் நுணுக்கிப் பொரியில் பிசறிவிட்டாள். பிள்ளைகளிடம் மட்டும் சொன்னாள், நாளைக்கி நெசமாவே திங்கலாம் சாமிகளா என்று. ஓவென்று ஒரே சத்தம். ஒத்திகையில் அதுவரைக்கும் வெறும் கையைத்தான் வாயருகே கொண்டுபோனார்கள், பச்சமுத்து பார்த்ததெல்லாம் அந்த வெறும் கைதான். அவருக்கு அது தின்கிற பண்டமில்லை, ஜோடனை. பஞ்சு மாதிரி, ஜிகினா மாதிரி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பரப்புகிற வைக்கோல் மாதிரி. அந்த வைக்கோலுக்கு வருஷா வருஷம் அவர் என்ன தூவுகிறார்? அந்தப் பொடியைத்தான் தூவுகிறார். கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர்ச் சனம் வந்து கோயிலில் படுக்கிறபோது நாலு சுவரோரமும் கோடு கிழித்தாற்போல அதைத்தான் தூவுகிறார், மிச்சம்தான் அலமாரியில் இருக்கிறது, காலையில் நூல்கண்டு தேடும்போது அவளே அதைத் தள்ளி வைத்தாள், கையை மோந்துகூடப் பார்த்தாள், பூஞ்சை பிடித்த வாடை. எறும்பைப் பார்த்ததும் நின்று நிதானமாக ஒரு சொல் சொன்னாளா? பாதிப் படியில் நின்றுகொண்டு, அண்ணா எறும்பு ஏறுது பாருங்க, ஏதாச்சும் பண்ணுங்க, நான் ஊட்டுக்குப் போயி புள்ளைக்குத் தலை பின்னீட்டு வந்தர்றேன் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். ஏதாச்சும் பண்ணுங்க... பண்ணிவிட்டார், சொன்னதைத்தானே பண்ணுவார்.

பாட்டு ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக வந்தார்கள். மோசேயாக முன்னால் நின்றவன் தண்டாயுதபாணி, மளிகைக்கடைக்காரர் மகன், பஞ்சுத் தாடியும் மூங்கில் கோலுமாக. விடுமுறைப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிக்குமேல் ஊர்ப்பிள்ளைகள்தான், கதை கேட்கலாம், பாட்டுப் பாடலாம், கடைசியில் ஒரு பொட்டலம் தின்பண்டம் கிடைக்கும். மோசேக்கு இந்தப் பெயரா என்று பாஸ்டர் ஐயா கொஞ்சம் இழுத்தார், கோலு புடிக்கறதுக்குப் பொருத்தமான பேருதானுங்களே ஐயா என்றாள், அவரே சிரித்துவிட்டார். எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் குழந்தைவேல், செல்லியம்மாள் மகன், முட்டிக்குக் கீழே தொங்குகிற யாரோ கொடுத்த சட்டை, துண்டு கண்ணை மறைக்க அதைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொண்டு. செல்லியம்மாள் சேகோ பேக்டரிக் களத்தில் கூலிக்குப் போகிறவள், மத்தியானம் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு கோயில் படிக்குக் கீழேயே நின்றாள், மேலே ஏறச் சொன்னாலும் ஏறமாட்டாள். களத்துல சவ்வரிசி கெடக்குதுங்க டீச்சர், மேகம் வேற கட்டீருக்குது, அள்ளோணுங்க, எம் பையன உங்க கையில உட்டுட்டுப் போறனுங்க, முடிஞ்சதும் ஊட்டுக்குத் தாட்டி உட்டுருங்க. சௌந்திரம் அவன் தலையைத் தடவி, நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க என்றாள். எத்தனை சுலபமாகச் சொன்னாள், பத்துப் பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பாள் இன்றைக்கு.

வெளியே மேகம் உண்மையாகவே கட்டிக்கொண்டு வந்தது, ஜன்னல் வெளிச்சம் சாயம்போன துணியாக மங்கியது, வைகாசி மழை ஓட்டில் விழுந்தால் ஒரு வசனமும் கேட்காது. விழுந்தால் நன்றாக இருக்கும். கரண்டு போனால்கூட நன்றாக இருக்கும், நாடகம் நின்றுபோகும், யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை... எறும்புப் பொடி என்றால் அப்படி என்ன, ஊரில் அதைத் தொடாதவர் யார்? பேனுக்கென்று பிள்ளைகள் தலையில் தேய்த்துத் துணியைக் கட்டிப் படுக்க வைக்கிறார்கள், காலையில் அலசிவிட்டால் தீர்ந்தது, எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது? கல்லக்காய் மூட்டை அடுக்கினால் மூட்டை மேல் தூவுகிறார்கள், அதே கையால் சோறு பிசைகிறார்கள். ஒன்றும் ஆகாது. ஆனால் சின்ன வயசில், அயோத்தியாப்பட்டணத்தில் அம்மாவின் கோழிகள்... வேண்டாம், அதை இப்போது நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது என்றால் நிற்கிறதா? பக்கத்துக் காட்டுக்காரர் விதைக் கல்லக்காயில் பொடியைக் கலந்து ஊன்றிவிட்டுப் போனார், எல்லோரும் செய்கிறதுதான், கோழிகள் உழவுச் சாலைக் கிளறிப் பொறுக்கிவிட்டன. சாயந்தரம் வாசலில் வந்து நின்று சுற்றத் தொடங்கின, கள்ளுக் குடித்தவன் மாதிரி, ஒரே பக்கமாகக் கழுத்தைத் திருகிக்கொண்டு, அவளும் தம்பியும் கைகொட்டிச் சிரித்தார்கள், கோழி டான்ஸ் ஆடுது பாரும்மா என்று. அம்மா கந்தம்மாள் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தவள் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். படுத்துக் கிடந்து காலை உதறி உதறி இழுத்தன, வெகுநேரம் இழுத்தன, கடைசிவரைக்கும் கண் மட்டும் திறந்தே இருந்தது. கோழி வேறு, பிள்ளை வேறு. கோழிக்கு உடம்பு எத்தனை, பிள்ளைக்கு உடம்பு எத்தனை... குழந்தைவேலுக்கு உடம்பு எத்தனை? அந்தச் சட்டைக்குள் இருப்பது எத்தனை?

எழுந்தாள். மெய்யாகவே எழுந்தாள், முழங்காலை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். வசந்தாமணி அக்காவின் வளையல் கை தொடையைத் தொட்டது. எங்கீங்க டீச்சர் போறீங்க, உக்காருங்க, நெசமாலுமே நல்லாருக்குதுங்க, நான்கூட என்னமோ நெனச்சேன், அந்த மணலப் பாருங்க, மானேஜரய்யாகூடக் கேட்டாருங்க, யாரு பண்ணுனதுன்னு... அக்காவின் கண்ணும் சேர்ந்து சிரித்தது இந்தமுறை. சௌந்திரம் உட்கார்ந்துவிட்டாள். ஏன் உட்கார்ந்தாள்? காது குளிர்ந்துவிட்டதா? சீ, அப்படி இல்லை, எழுந்துபோய் என்ன சொல்வது, நிறுத்துங்கள், பொரியில் விஷம் இருக்கிறது என்றா? அது சாம்பலாக இருந்தால்? சாம்பல்தானுங்க டீச்சர் என்று பச்சமுத்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால்? இருட்டுவதற்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிடும், டீச்சருக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க, கோயில்ல நின்னு கத்துனாங்களாமா. பாவம், பச்சமுத்து அண்ணன் மேலும் பழி விழும், வயசான காலத்தில் வேலை போகும். அவருக்காகத்தான், ஆமாம், அவருக்காகத்தான் யோசிக்கவேண்டியிருக்கிறது. சாம்பல்தான். கட்டாயம் சாம்பல்தான். தூவியிருந்தாலும் கயிற்றில் மட்டும்தான் தூவியிருப்பார், எறும்பு ஏறுகிற வழி அதுதானே, வழியை அடைத்தால் போதுமே. கயிற்றில் தூவினது எங்கே போகும்... கயிறு தூளிக்கு நேர் மேலேதானே இருக்கிறது, இழுத்தால் உதறிக்கொண்டு எங்கே போகும்?

இஸ்ரவேலர் முறுமுறுத்தார்கள். எகிப்திலே வெங்காயம் இருந்தது, பூண்டு இருந்தது என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சபை கொல்லென்று சிரித்தது. சௌந்திரத்தின் மகள் தொற்காள் பின்னால் கூடாரத்து வாசலில் கையால் தட்டுகிற தம்புருவோடு நின்றாள், அவள்தான் மோசேயின் அக்கா மிரியாம், எல்லோரும் பொறுக்கித் தின்றபிறகு கடைசியில் முன்னால் வந்து, ஒரு கை எடுத்துத் தின்று, பாட்டை ஆரம்பிக்கவேண்டும். அந்தக் கடைசியில் என்பதை நினைத்ததும் சௌந்திரத்துக்கு ஏதோ ஓரிடத்தில் நெஞ்சு தணிந்தது. எதற்குத் தணிந்தது என்று அவள் நின்று பார்க்கவில்லை. நேரம் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது, மழை வரலாம், முடிச்சு அவிழாமல் சிக்கிக்கொள்ளலாம், பச்சமுத்துவே ஏதாவது... தண்டாயுதபாணி கோலைத் தூக்கினான். வசனம் தடுமாறாமல் சொன்னான், நல்ல பையன், தாடி மட்டும் ஒரு பக்கம் நழுவிவிட்டது. கையை நீட்டினான்.

தூளி அவிழ்ந்தது. அவள் நினைத்ததற்கு மேலேயே அழகாக அவிழ்ந்தது, ஒரு மூலை மெல்லச் சரிந்து, பொரி முதலில் பூப்பூவாக, பிறகு ஒரேயடியாக, நீல வானத்திலிருந்து வனாந்தரத்தின் மேல் கொட்டியது. கூடவே ஒரு வெள்ளைப் புகை. பொரி விழுந்து முடிந்தபிறகும் அந்தப் புகை இறங்காமல் பிள்ளைகளின் தலைக்கு மேலே அப்படியே நின்றது. சர்க்கரையா அது? அவள் நுணுக்கின சர்க்கரையா? இத்தனை சர்க்கரையா பிசறினாள்? முன்வரிசையில் யாரோ தும்மினார்கள். அவள் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள், திப்பியின் புளிச்ச வாடை, பட்டுப்புடவையின் அந்துருண்டை வாடை, மழைவாடை, மானேஜரின் மாலையில் சம்பங்கி வாடை... அதற்கு அடியில் பூஞ்சைவாடை ஒன்று இருக்கிறதா இல்லையா? இருக்கிற மாதிரி... திப்பியின் வாடைதானே அது? கைதட்டு கோயிலைப் பிளந்தது. மானேஜர் தட்டினார், பாஸ்டர் ஐயா தட்டினார், வசந்தாமணி அக்கா கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தட்டினாள், சௌந்திரத்தின் கைகளும், கேட்காமலே, தட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு பொறுக்கினார்கள், அள்ளினார்கள், நடிப்பெல்லாம் மறந்துபோய் வாய் நிறைய அடைத்துக்கொண்டார்கள், மோசே தாடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தின்றான். குழந்தைவேல் உட்கார்ந்தேவிட்டான். திப்பியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் தின்றான், உதட்டைச் சுற்றி வெள்ளையாக ஒட்டியிருந்தது, நாக்கைச் சுழற்றி அதையும் நக்கினான். இனிக்கிறது போலிருக்கிறது அவனுக்கு. இனித்தால் சர்க்கரைதானே? முகம் சுளிக்கிறார்களா யாராவது? ஒருத்தரும் சுளிக்கவில்லை, பார், ஒருத்தரும் சுளிக்கவில்லை. பொடியென்றால் கசக்காதா, எரியாதா, குழந்தைகளுக்குத் தெரியாதா? தெரியும். கோழிகளுக்கும்தான்... சாம்பல்தான், சர்க்கரைதான், ஒன்றும் இல்லை, வீணாகப் போட்டு மனசை உழப்பிக்கொண்டு, நாளைக்கு நினைத்தால் அவளே சிரிப்பாள்.

கூடாரத்து வாசலிலிருந்து தொற்காள் வந்தாள். சொல்லிக்கொடுத்தபடியே நிதானமாக நடந்து வந்தாள், இரட்டைச் சடை, ரிப்பன், அம்மா இருக்கிற பக்கம் பார்க்கக்கூடாது என்பதற்காகக் கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு. தம்புருவைக் கீழே வைத்தாள். குனிந்தாள். ஒரு கை அள்ளினாள், கையை வாயருகே...

தொற்காளே, வேண்டாம், போட்டுரு!

யாருடைய குரல் அது, இத்தனை பெரிய குரல்? ஆர்மோனியம் நின்றது, கைதட்டு நின்றது. சௌந்திரம் மேடைமேல் இருந்தாள், எப்படி ஏறினாள், யாரை மிதித்துக்கொண்டு ஏறினாள் என்று தெரியவில்லை, மணல்மேட்டில் கால் புதைய, மகளின் தாடையை இரண்டு கையாலும் பிடித்து, துப்பு, துப்பு சாமி, துப்பிரு என்று உலுக்கிக்கொண்டிருந்தாள். என்னங்க டீச்சர், என்னங்க என்று வசந்தாமணி அக்கா எழுந்தாள். பொரில... பொரில என்னமோ உழுந்திருச்சுங்க, எறும்புக்குப் போடறது... அவ்வளவுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. அதுவே போதுமாக இருந்தது. பெண்கள் பக்கம் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்தது, ஏய் எஸ்றா, டேய் துப்புடா, அடியே ரூத்து, தண்டபாணீ, ஐயோ சாமி என்று ஆளுக்கொரு பெயர், அவரவர் பிள்ளையின் பெயர், மேடையை நோக்கிப் பாய்ந்து வந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் அவள் காதில் அவள் குரலே திரும்பத் திரும்ப விழுந்தது. போட்டுருங்க எல்லாரும் என்று வரவில்லை. பிள்ளைகளா என்று வரவில்லை. இத்தனை நேரம் சாம்பல் சாம்பல் என்று உட்கார்ந்திருந்தாளே, மற்றவர்கள் தின்கிறபோதெல்லாம் அது சாம்பலாகவே இருந்ததே, தொற்காள் குனிந்ததும் எப்படி இல்லாமல் போயிற்று? வசந்தாமணி அக்கா ஏதோ கேட்டபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் அதே கணக்கு ஓடுகிற மாதிரி இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு பச்சமுத்து வந்தார், கயிற்று நுனி இன்னும் கையில், கையெல்லாம் வெள்ளை. என்னாச்சுங்க டீச்சர், செரியா உழுகலீங்களா என்றார். இப்போது கேட்கலாம், மூன்றடி தூரத்தில் நிற்கிறார், எதைத் தூவினீங்க அண்ணா என்று கேட்டால் தீர்ந்தது, ஆனால் அவர் சொல்லப்போகிற எந்தப் பதிலும் அந்த ஒற்றைக் கூப்பாட்டைத் திரும்ப எடுத்துக்கொடுக்காது. சுற்றிலும் தாய்மார்கள் பிள்ளைகளின் வாயில் விரலை விட்டுத் தோண்டினார்கள், இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார்கள், கூடாரம் சரிந்தது. மேடை காலியாகிக்கொண்டே வந்தது. பெஞ்சின் ஓரத்தில் குழந்தைவேல் இன்னும் உட்கார்ந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. மற்றப் பிள்ளைகள் உதறிவிட்டு ஓடின பொரி அவனைச் சுற்றிக் குவிந்து கிடந்தது, அவன் அவசரமில்லாமல் அதைக் கூட்டிச் சட்டை மடியில் கட்டிக்கொண்டிருந்தான், கட்டிக்கொண்டே மென்றான். அவன் பெயர் அவளுக்குத் தெரியும், அவனைக் கூப்பிடவேண்டியது இந்த இடத்தில் அவள் ஒருத்திதான். கை இரண்டும் மகளின் தாடையில் இருந்தன. தொற்காள் வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு தேம்பினாள், நான் திங்கவே இல்லம்மா, கீழ போட்டுட்டம்மா... பார்த்தாள் சௌந்திரம். வாய்க்குள் ஒரு பொரிகூட இல்லை, சுத்தமாக இருந்தது. அது தெரிந்தபிறகும் அவள் கை அந்தத் தாடையை விடவில்லை. குழந்தைவேல் நிமிர்ந்து, டீச்சர் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து, வெள்ளை உதட்டோடு அவளைப் பார்த்துச் சிரித்தான்.